மாதம் 12, ரீசார்ஜ் 13!

ஒரு கணக்கு. 365-ஐ 28-ஆல் வகுத்தால் 13 வரும். அதாவது 28 நாள் பிளான் போட்டால் வருஷத்துக்கு 13 ரீசார்ஜ்! எங்க வீட்டில் 3 செல்போன். 12 மாதத்துக்கு 36 போதும்னு நினைப்போம். ஆனால் 39 ஆகுது. அந்த 3 ரீசார்ஜ் காசு, எங்கப்பா செஞ்சி கமிட்டியில் மூட்டை தூக்கும் ஒரு நாள் கூலியைவிட அதிகம்.

வழி இருக்கு.

1. 30 நாள் பிளானும் தரவேண்டும் என்று 2022-ல் டிராய் உத்தரவிட்டது. விலையை நாளால் வகுத்து, குறைந்ததை எடுங்க.

2. பாட்டியின் பட்டன் போனுக்கு நெட் எதற்கு? பேச்சு, எஸ்.எம்.எஸ். மட்டும் உள்ள பிளான் தரணும்னு 2024 டிசம்பரில் விதி வந்தது. கடையில் கேட்டு வாங்குங்க.

3. 2019 முதல் கட்டணச் சேனலை நாமே தேர்ந்தெடுக்கலாம். பார்க்காததை நீக்கச் சொல்லுங்க.

4. ஓடிடி ஆப்புக்கு ஆட்டோ பே இருந்தால், பணம் எடுக்க 24 மணி நேரம் முன்பே மெசேஜ் வரும். படித்துப் பார்த்து, வேண்டாம்னா நிறுத்துங்க.

ஒரு நோட்டில் எல்லாச் சந்தாவையும் எழுதி, எதிரே ‘யார் பார்க்கிறார்?’ என்று எழுதுங்க. பெயர் இல்லாத வரியை அடித்துவிடலாம்.

சிறுதுளி பெருவெள்ளம்!