கமரா வில்லைகளில் விம்ப உறுதிப்படுத்தல்

வில்லைகள் பற்றிய அலகைக் கற்கும் மாணவர் பலர், குவியத் தூரம் என்பதைக் கதிர்ப்படம் வரைவதற்கு மட்டும் தேவையான ஓர் எண்ணாகவே கருதுகின்றனர். கையில் பிடித்து எடுத்த ஒரு படம் ஏன் கலங்கியது என்று கேட்டால், "கை நடுங்கியது" என்பதோடு விடை முடிந்துவிடும். இவ்விடை பிழையன்று, ஆனால் அரைவாசி விடையே. அதே கை, அதே அளவு நடுங்கியபோதும் ஒரு வில்லையில் தெளிவான படமும் இன்னொரு வில்லையில் கலங்கிய படமும் கிடைப்பது ஏன் என்பதையும் விளக்க வேண்டும்.

சட்டர் திறந்திருக்கும் நேரத்தில் கமரா 0.05 பாகை (3 கலை) சரிந்தது எனக் கொள்வோம். தொலைவிலுள்ள பொருளின் விம்பம் ஏறத்தாழக் குவியத் தளத்திலேயே தோன்றும். எனவே விம்பத்தின் இடப்பெயர்ச்சி, குவியத் தூரத்தை அக்கோணத்தின் தான்சனால் பெருக்க வருவதாகும். 0.05 பாகையின் தான்சன் 0.00087. குவியத் தூரம் 24 மி.மீ. ஆகவுள்ள அகல்கோண வில்லையில் விம்பம் 0.02 மி.மீ. நகரும், 50 மி.மீ. வில்லையில் 0.04 மி.மீ.; 300 மி.மீ. நெடுந்தூர வில்லையில் 0.26 மி.மீ. அகலம் 36 மி.மீ. உடைய படச்சட்டகத்தில் 0.03 மி.மீ. வரையான கலக்கத்தைக் கண் பொறுத்துக்கொள்ளும் என்பது வழக்கமான கணிப்பு. ஆகவே முதலாவது படம் தப்பிவிடும், இரண்டாவது சற்றுக் கலங்கும், மூன்றாவது பயன்படாது.

300 மி.மீ. வில்லையைக் கையில் பிடித்து எடுப்பவர், ஒளிபடு நேரத்தை 1/300 செக்கனுக்கு மேல் விடக்கூடாது என்ற பழைய நடைமுறை விதி இதிலிருந்தே வந்தது. மாலை வெளிச்சத்தில் இவ்வளவு குறுகிய நேரம் போதாது. இக்குறையைத் தீர்க்கவே உறுதிப்படுத்தல் முறை தோன்றியது. ஒற்றை வில்லைக் கமராக்களுக்கான மாற்றக்கூடிய வில்லைகளுள் இம்முறையை முதலில் கொண்டது, 1995 இல் கெனன் நிறுவனம் வெளியிட்ட 75–300 மி.மீ. வில்லையாகும். அது ஒளிபடு நேரத்தை ஏறத்தாழ நான்கு மடங்காக்க இடமளித்தது. அதாவது 1/300 செக்கனுக்குப் பதிலாக 1/75 செக்கன் போதும்.

அதன் செயற்பாடு உங்களுக்குப் புதியதன்று. வில்லைக் குழாயினுள் இரு ஜைரோ உணரிகள் உள்ளன. ஒன்று மேல்கீழ்ச் சரிவின் கோண வேகத்தையும் மற்றையது பக்கவாட்டுத் திரும்பலின் கோண வேகத்தையும் அளக்கும். நுண்செயலி ஒன்று அதற்கேற்ப ஒரு கம்பிச்சுருளுக்கு மின்னோட்டத்தைச் செலுத்தும். காந்தப் புலத்தில் உள்ள மின்னோட்டம் பாயும் கடத்தியின் மீது விசை தாக்கும் அல்லவா? பிளெமிங்கின் இடக்கை விதியில் கற்ற அதே விசைதான் இங்கு ஒரு சிறு வில்லைத் தொகுதியைத் தலைமை அச்சுக்குச் செங்குத்தாகத் தள்ளுகிறது. அத்தொகுதி கதிர்களை எதிர்த்திசையில் முறிவடையச் செய்வதால் விம்பம் முன்னிருந்த இடத்திலேயே நிற்கும்.

வில்லையை விட்டுவிட்டு, ஒளியை உணரும் தட்டையே அசைக்கும் முறையை 2003 இல் மினோல்ற்றா நிறுவனம் ஒரு கமராவில் அறிமுகப்படுத்தியது. எந்த வில்லையைப் பொருத்தினாலும் பயன் கிடைப்பது இதன் சிறப்பு. ஆனால் மேலே செய்த கணிப்பை மீண்டும் பாருங்கள். 300 மி.மீ. வில்லை 1 பாகை சரிந்தால் விம்பம் 5 மி.மீ. க்கு மேல் நகரும். அவ்வளவு தூரம் தட்டு ஓடுவதற்குக் கமராவினுள் இடமில்லை. ஆகவே நீண்ட வில்லைகளில் வில்லைத் தொகுதியை அசைப்பதே வாய்ப்பானது. மறுபுறம், கமரா தலைமை அச்சைச் சுற்றி உருளும் அசைவை வில்லைத் தொகுதியால் திருத்த முடியாது. தட்டைத் திருப்பினால் மட்டுமே முடியும். இக்காலக் கமராக்கள் பலவற்றில் இரு முறைகளும் சேர்ந்தே இயங்குகின்றன.

மிக அருகிலுள்ள பூவையோ எறும்பையோ படம்பிடிக்கும் மக்ரோ வில்லையில் நிலைமை முற்றிலும் வேறு. இங்கு கமரா சரியாமல், சற்றுப் பக்கமாக நகர்ந்தாலே போதும். அப்போது விம்பத்தின் இடப்பெயர்ச்சி, கமரா நகர்ந்த தூரத்தை உருப்பெருக்கத்தால் பெருக்க வருவது. 100 மி.மீ. வில்லையால் 10 மீற்றர் தொலைவிலுள்ள பொருளை எடுக்கும்போது உருப்பெருக்கம் ஏறத்தாழ 0.01. கமரா 0.1 மி.மீ. நகர்ந்தால் விம்பம் 0.001 மி.மீ. மட்டுமே நகரும். அதே வில்லையில் உருப்பெருக்கம் 1 ஆகும்போது விம்பம் முழுதாக 0.1 மி.மீ. நகர்ந்துவிடும். ஜைரோ உணரி கோண அசைவை மட்டுமே அறியும். எனவேதான் 2009 இல் வெளிவந்த கெனன் 100 மி.மீ. மக்ரோ வில்லையில் ஆர்முடுகல் உணரியும் சேர்க்கப்பட்டது. அப்படியும் தொலைவுப் பொருளுக்கு 16 மடங்கு நேரம் தரும் அவ்வில்லை, உருப்பெருக்கம் 1 இல் 4 மடங்கு மட்டுமே தருகிறது.

ஓடும் ஒருவரைத் தொடர்ந்து கமராவைத் திருப்பும்போது, தொடக்ககால வில்லைகள் அத்திருப்பலையும் நடுக்கமென எண்ணி எதிர்க்கும். 1997 இல் வந்த 300 மி.மீ. வில்லையில், திருப்பும் திசையை விட்டுவிட்டு மற்றைய திசையை மட்டும் திருத்தும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது.

இன்னொரு தவறான கருத்தையும் நீக்க வேண்டும். உறுதிப்படுத்தல் கமராவின் அசைவையே திருத்துகிறது. பொருளின் அசைவை அன்று. 60 மீற்றர் தொலைவிலிருந்து 300 மி.மீ. வில்லையால் கிரிக்கெற் பந்தைப் படம்பிடிக்கிறீர்கள் எனக் கொள்ளுங்கள். உருப்பெருக்கம் 0.005. செக்கனுக்கு 30 மீற்றர் வேகத்தில் குறுக்கே செல்லும் பந்து, 1/60 செக்கனில் அரை மீற்றர் கடக்கும். தட்டில் அதன் விம்பம் 2.5 மி.மீ. நீளக் கோடாகிவிடும். துடுப்பாட்ட வீரருக்குப் பின்னுள்ள மரம் தெளிவாக விழ, பந்து மறைந்துபோகும்! இங்கு ஒளிபடு நேரத்தைக் குறைப்பதே வழி.

பயிற்சி: மக்ரோ வில்லை ஒன்று சரியாமல் பக்கமாக 0.05 மி.மீ. நகர்ந்தது. உருப்பெருக்கம் 1 ஆகவும் 0.5 ஆகவும் உள்ளபோது படம் தெளிவாக இருக்குமா? (பொறுக்கத்தக்க கலக்கம் 0.03 மி.மீ. எனக் கொள்க.)

விடை: உருப்பெருக்கம் 1 எனின் 0.05 × 1 = 0.05 மி.மீ.; படம் கலங்கும். 0.5 எனின் 0.05 × 0.5 = 0.025 மி.மீ.; படம் தெளிவாக இருக்கும்.