அடியாத மாடு படியாதா? வாத்தியாரைப் போகவிடாமல் கதறிய மாணவர்கள்!

"கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்!"

பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கத்துப் பெற்றோர் ஒரு காலத்தில் இப்படிச் சொல்வது உண்டு. வால் பையனுக்குப் பிரம்புதான் மருந்து என்பது அவர்கள் நம்பிக்கை.

அந்த மருந்துக்கு இப்போது தடை. 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, பிள்ளைகளை அடிக்கவும் கூடாது. மனம் நோகடிக்கவும் கூடாது. மீறினால் நடவடிக்கை பாயும்.

அப்படியானால் முரட்டுப் பையனை எப்படி வழிக்குக் கொண்டு வருவது?

சுற்றி வளைத்தனர்

திருவள்ளூர் மாவட்டம் பள்ளிப்பட்டு அருகே வெளியகரம் அரசு உயர்நிலைப்பள்ளி. 2018 ஜூனில் அங்கிருந்த ஆங்கில ஆசிரியர் பகவான் (வயது 28) வேறு ஊருக்கு மாற்றப்பட்டார். புறப்பட்டவரை மாணவ-மாணவிகள் சுற்றி வளைத்தனர். கட்டிப்பிடித்துக் கதறி அழுதனர். பெற்றோரும் சேர்ந்துகொண்டனர். மாறுதல் 10 நாள் நிறுத்தி வைக்கப்பட்டது.

மாயம் இல்லை

அவர் மாயம் எதுவும் செய்யவில்லை. பிள்ளைகளின் வீட்டு நிலைமையை விசாரித்தார். பள்ளி நேரம் முடிந்தும் வகுப்பு எடுத்தார். புரொஜெக்டரில் படம் காட்டிப் பாடம் நடத்தினார். பிடித்துப்போன வாத்தியாரின் சொல்லைப் பிள்ளைகள் லேசில் தட்டுவதில்லை.

அன்பு என்றால் அவிழ்த்து விடுவது அல்ல. தாமதமாக வந்தவனை, "ஏண்டா லேட்?" என்று கேட்கத்தான் வேண்டும். கேட்கிறவர் மணி அடிக்கும் முன்பே வந்திருக்க வேண்டும். "சிகரெட் பிடிக்காதே" என்பவரின் சட்டைப் பையில் சிகரெட் பாக்கெட் இருந்தால் எந்தப் பையன் கேட்பான்?

இது வாத்தியாருக்கு மட்டுமல்ல, அப்பாவுக்கும்தான்!