ஹவுராவில் நண்பர்களோடு போக்கர்: சட்டம் என்ன சொல்கிறது? ஓமாஹா எப்படி ஆடுவது?

வேலைக்காகக் கொல்கத்தா பக்கம் போய் ஹவுராவில் வீடு எடுத்திருக்கிறீர்கள். சனிக்கிழமை ராத்திரி ஆபீஸ் நண்பர்கள் "நம்ம வீட்டுலயே போக்கர் போடலாமா?" என்கிறார்கள். நம்மூர் ஆளுக்கு முதலில் வரும் சந்தேகம்: போலீஸ் வந்துடுமா?

போக்கர் சூதாட்டமா?

சூதாட்டச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மேற்கு வங்கத்தின் 1957-ஆம் ஆண்டு சூதாட்டச் சட்டம், சூதாட்டம் என்ற வரையறையிலிருந்து பிரிட்ஜ், போக்கர், ரம்மி, நாப் போன்ற சீட்டாட்டங்களைப் பெயர் சொல்லியே விலக்கியிருக்கிறது. தீபாவளி நேரத்தில் களைகட்டும் 'தீன் பத்தி', அதாவது மூணு சீட்டு, அந்தப் பட்டியலில் பெயராக இல்லை. "எல்லாம் சீட்டுதானே" என்று பாதி ராத்திரியில் ஆட்டத்தை மாற்றினால், சட்டம் தரும் தெளிவும் போய்விடும்.

வீட்டுக்காரர் கமிஷன் எடுக்கலாமா?

வேண்டவே வேண்டாம். 1967-ல் செகந்திராபாத் கிளப் வழக்கில், ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்தது என்ற உச்ச நீதிமன்றம், ஆட்டத்திலிருந்தே கிளப் லாபம் பார்த்தால் அது வேறு விஷயம் என்றும் சொன்னது. பிரியாணிச் செலவைத் தனியாகப் பங்கு போடுங்கள். பாட்டில் கை வைக்காதீர்கள்.

ஆப்பில் ஆடினால்?

அது வேறு கதை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல், பணம் கட்டி ஆடும் எல்லா ஆன்லைன் விளையாட்டுகளையும் தடை செய்கிறது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம்.

ஓமாஹா எப்படி ஆடுவது?

டெக்சாஸ் ஹோல்டெம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அதில் கைக்கு 2 சீட்டு, இதில் 4. மேஜையில் பொதுவாக 5 சீட்டு. விதி ஒன்றுதான்: கையிலிருந்து சரியாக 2, மேஜையிலிருந்து சரியாக 3.

புதுசா வர்றவங்க மாட்டிக்கொள்வது இங்கேதான். மேஜையில் நாலு இஸ்பேட், உங்கள் கையில் இஸ்பேட் ஏஸ் மட்டும். ஹோல்டெமில் அது ஃப்ளஷ். ஓமாஹாவில் இல்லை, கையிலேயே இரண்டு இஸ்பேட் வேண்டும்.

நாலு சீட்டில் 6 ஜோடி சேரும். எல்லோருக்குமே அப்படித்தான். அதனால் ஹோல்டெமில் ஜெயிக்கும் இரண்டு ஜோடி இங்கே அடிக்கடி தோற்கும்.

எவ்வளவு வரை கட்டலாம்?

வழக்கமாக 'பாட் லிமிட்'. பாட்டில் 100 ரூபாய், எதிராளி 50 கட்டுகிறார் என்று வையுங்கள். நீங்கள் அந்த 50-ஐச் சமன் செய்தால் பாட் 200. அதற்கு மேல் 200 வரை ஏற்றலாம், மொத்தம் 250. பாட் பெருக்கப் பெருக்க இந்த வரம்பும் பெருகும். நாலே சுற்றில் தொகை எங்கேயோ போய்விடும்.

உட்காரும் முன்...

ஆளுக்கு 200 ரூபாய் என்றால் அதோடு சரி. தீர்ந்தால் எழுந்துவிட வேண்டும். கடன் கொடுத்து ஆட வைக்காதீர்கள். முடியும் நேரத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். திங்கட்கிழமை அதே நண்பரோடுதான் ஆபீஸில் டீ குடிக்கப் போகிறீர்கள். அவர் சம்பளப் பணம் உங்கள் பாக்கெட்டில் இருந்தால் அந்த டீ இனிக்காது.