முதல் மாரத்தான்: வேகத்தின் வரவு செலவு

ஜனவரி மாதத்தின் மூன்றாம் ஞாயிறு. பொழுது புலரும் முன்பே மும்பை சத்ரபதி சிவாஜி மகராஜ் ரயில் முனையத்தின் அருகே ஆயிரக்கணக்கானோர் திரண்டிருப்பர். 2004இல் தொடங்கிய மும்பை மாரத்தான் புறப்படும் வேளை அது. காற்றில் இதமான குளிர். கால்களில் பல மாதப் பயிற்சி தந்த துடிப்பு. முதன்முறையாக 42.195 கிலோமீட்டர் ஓடவிருப்பவருக்கு இந்த இதமே பகையாகிவிடுகிறது.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஐந்து மணி நேரத்தில் முடிக்க விரும்புபவர் ஒரு கிலோமீட்டரை 7 நிமிடம் 6 வினாடியில் கடந்தால் போதும். உற்சாக மிகுதியால் முதல் 10 கிலோமீட்டரைத் தலா ஆறரை நிமிடத்தில் ஓடினால் மிச்சமாவது 6 நிமிடங்கள். ஆனால், தசைகளிலும் கல்லீரலிலும் சேர்ந்துள்ள கிளைகோஜன் விரைந்து கரைந்து, கடைசி 12 கிலோமீட்டரை நடந்தே கடக்க நேர்ந்தால், கிலோமீட்டருக்கு 10 நிமிடம் ஆகும். இழப்பு 34 நிமிடங்களுக்கும் மேல். இத்தகைய வட்டியை வங்கித் துறையிலும் நாம் கண்டதில்லை!

நமக்குரிய வேகத்தை அறிய, அண்மையில் ஓடிய அரை மாரத்தான் நேரத்தை இரட்டித்து 20 நிமிடம் கூட்டிக்கொள்ளலாம். 2 மணி 20 நிமிடத்தில் ஓடியவருக்கு 5 மணி நேரம் பொருந்தும். மும்பையின் ஈரக்காற்றைக் கருதி மேலும் 10 நிமிடம் சேர்ப்பதே விவேகம் என்போம். வாராந்திர நெடு ஓட்டத்தில் உடன் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்றும் பாருங்கள். சொற்கள் துண்டுபட்டால் வேகம் கூடுதல் என்று பொருள்.

சீரான வேகம் என்பது கைக்கடிகாரத்தின் எண் மாறாதிருப்பதன்று. உயர்ந்த கட்டடங்களுக்கிடையே அந்த எண்ணும் தவறக்கூடும். சாலையோரக் கிலோமீட்டர் பலகைகளே நம்பத்தக்கவை. பெடர் சாலையின் மேட்டை ஏற வேண்டும். திரும்பும் வழியில் அது 35 கிலோமீட்டருக்குப் பின் எதிர்ப்படும். அதற்குள் வெயிலும் ஏறியிருக்கும். உடலைக் குளிர்விக்கத் தோலுக்கும் இரத்தம் செல்ல வேண்டியிருப்பதால், அதே வேகத்திலும் இதயம் கூடுதலாகத் துடிக்கும். அங்கே வேகத்தை விட்டுக்கொடுத்து, முயற்சியை மட்டும் ஒரே அளவில் வைத்திருங்கள், அடிகளைக் குறுக்குங்கள். கிலோமீட்டருக்கு அரை நிமிடம் போனாலும் போகட்டும்.

மேட்டிலிருந்து இறங்கி மெரின் டிரைவின் வளைவை அடைந்த பின்னும் கால்களில் வலு எஞ்சியிருந்தால், வேகத்தைக் கூட்டலாம். அதுவரை வேண்டாம்.