அம்மாவோட ஒயர் கூடையும் ஒரு சிவப்பு மருந்தும்

இந்த வாரம் கோடிங் இல்ல, வேலை மாறுறது பத்தி புலம்பலும் இல்ல. முறுக்கு, முடிச்சு, சிக்கல் பத்தி பேசப் போறோம். நிஜமான நூல் சிக்கல்தான்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்னு தெரிஞ்சு கீமோ ஆரம்பிச்சாங்க. அதுல டாக்ஸோரூபிசின்னு ஒரு மருந்து, பார்க்கவே நல்ல சிவப்பு. "ஒண்ணு ரெண்டு நாளைக்கு யூரின் சிவப்பா போகும், பயந்துடாதீங்கம்மா"ன்னு நர்ஸ் அக்கா சொல்லிட்டுப் போனாங்க. அம்மா பயப்படல. நான்தான் பயந்தேன். பயந்தா நான் வழக்கமா பண்ற வேலையைப் பண்ணேன்: ஃபோனை எடுத்து, இது உடம்புக்குள்ள என்ன பண்ணுதுன்னு தேடினேன். 'டோபோஐசோமரேஸ்'னு ஒரு என்சைமைத் தாக்குதுன்னு போட்டிருந்தது.

அந்த 'டோபோ' டோபாலஜியில இருந்து வந்தது. நான் இன்ஜினியரிங்ல படிச்ச டோபாலஜின்னா ஸ்டார், ரிங், பஸ்னு கம்ப்யூட்டர்களைக் கோர்க்கிற விதம், அவ்வளவுதான். கணக்குல அது பெரிய துறை. ஒரு பொருளை இழுக்கலாம், வளைக்கலாம், நசுக்கலாம், ஆனா வெட்டவோ ஒட்டவோ கூடாது. அப்பவும் மாறாம இருக்கிறது எதுன்னு கேட்கிற படிப்பு. ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டின ரெண்டு சாவி வளையத்தை என்ன ஆட்டினாலும், வெட்டாம பிரிக்க முடியாது. அந்த 'முடியாது'தான் இங்க விஷயமே.

இது எனக்குப் புரிஞ்சது அம்மாவோட ஒயர் கூடைப் பையிலதான். மஞ்சள் ஒயர் ஒண்ணு, பச்சை ஒயர் ஒண்ணு எடுத்து கயிறு மாதிரி முறுக்குங்க. நடுவுல விரலை விட்டுப் பிரிச்சுப் பாருங்க. பிரிச்ச இடம் தளரும், ஆனா ரெண்டு பக்கமும் முறுக்கு இறுகிட்டே போகும். முனைகள் சும்மா இருந்தா சுத்திச் சுத்தி அவிழ்த்துடலாம். இப்போ மஞ்சளோட மஞ்சளையும் பச்சையோட பச்சையையும் ஒட்டி வளையம் ஆக்கிட்டா? எத்தனை முறுக்கோ அத்தனை தடவை ரெண்டும் பின்னிக்கிட்டு இருக்கும். இந்த எண்ணிக்கைக்கு பிணைப்பு எண்னு பேரு. 1833லேயே காஸ் இதைக் கணக்கிட ஒரு சூத்திரம் எழுதி வெச்சிருந்தார். வளையத்தை எப்படி நெளிச்சாலும் அந்த எண் மாறாது.

இங்க ஒரு குட்டிக் கதை. முடிச்சுகளை வகைப்படுத்துற வேலை சூடு பிடிச்சது ஒரு தப்பான ஐடியாவால. 1867ல கெல்வின், அணுங்கிறது ஈதர்ல சுழலுற முடிச்சு வளையம்னு நினைச்சார். அதை நம்பி டெய்ட் முடிச்சுகளைப் பட்டியல் போட ஆரம்பிச்சார், லிட்டில் அதை நீட்டினார். அணு பத்தின ஐடியா காலி, பட்டியல் மட்டும் நின்னுது. அதுலயும் ரெண்டு 'வேற வேற' முடிச்சு ஒண்ணுதான்னு 1974ல பெர்கோங்கிற நியூயார்க் வக்கீல் கண்டுபிடிச்சார். 75 வருஷமா ப்ரொடக்‌ஷன்ல இருந்த பக்!

சரி, டிஎன்ஏவுக்கு வருவோம். 1953ல வாட்சன், கிரிக் சொன்னது ரெண்டு இழை முறுக்கின ஏணி. செல் ரெண்டாகும்போது ரெண்டு இழையும் பிரியணும். நம்ம குடல்ல இருக்கிற ஈ.கோலை பாக்டீரியாவை எடுத்துக்கோங்க. அதோட டிஎன்ஏ ஒரே வளையம், சுமார் 46 லட்சம் ஜோடி எழுத்து. பத்தரை ஜோடிக்கு ஒரு முறுக்குன்னா 4 லட்சத்துக்கு மேல முறுக்கு. இத்தனையையும் நகலெடுக்க அதுக்கு ஆகிற நேரம் சுமார் 40 நிமிஷம். அதாவது நிமிஷத்துக்கு பத்தாயிரத்துக்கும் மேல முறுக்கு அவிழணும். அதுவும் முனையே இல்லாத வளையத்துல!

வெட்டாம இது நடக்காது. இது வேதியியல் சொல்ற தடை இல்ல, வடிவம் போடுற தடை. 1954லேயே டெல்ப்ரூக் இந்தச் சிக்கலைப் பிடிச்சு, இழை அங்கங்க அறுந்து ஒட்டணும்னு யோசிச்சார். அப்படி அறுத்து ஒட்டுற என்சைமை ஜேம்ஸ் வாங் 1971ல ஈ.கோலைக்குள்ளேயே கண்டுபிடிச்சார். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். கத்தரிக்கோலை யாரும் பார்க்கிறதுக்கு முன்னாடியே, கத்தரிக்கோல் இருந்தே ஆகணும்னு தெரிஞ்சிருக்கு.

நம்ம செல்லுலயும் இது உண்டு. இரண்டாம் வகை டோபோஐசோமரேஸ் டிஎன்ஏவோட ரெண்டு இழையையும் சேர்த்து வெட்டும், முனைகளை விடாம பிடிச்சுக்கும், அந்த இடைவெளி வழியா இன்னொரு துண்டை அந்தப் பக்கம் அனுப்பும், திரும்ப ஒட்டிடும். டாக்ஸோரூபிசின் வெட்டுறதைத் தடுக்கல. வெட்டின பிறகு ஒட்ட விடாம அங்கேயே மாட்ட வெச்சிடும். அறுந்த டிஎன்ஏ சேரச் சேர செல் சாகும். வேகமா பெருகுற செல்லுக்கு இந்த என்சைம் நிறைய வேணும், அதனால அடியும் அதுக்குத்தான் அதிகம். மருந்து வேற வழிகள்லயும் தாக்கும், ஆனா முக்கியமான வழி இது.

ஒண்ணு நேர்மையா சொல்லிடறேன். முடிச்சுக் கணக்கு இந்த மருந்தைக் கண்டுபிடிக்கல. மண்ணுல வாழுற ஒரு பாக்டீரியா வகையில இருந்து 1960கள்லேயே மருந்து வந்துடுச்சு. அது இந்த என்சைமை மாட்ட வைக்குதுன்னு தெரிஞ்சது 1984ல. 'கணிதம் கேன்சரை வென்றது'ன்னு யாராவது ஷார்ட்ஸ் போட்டா நம்பாதீங்க.

மூணாவது வாரம் அம்மாவுக்கு முடி கொட்ட ஆரம்பிச்சது. ஒயரை முறுக்கி இதை விளக்கிட்டு இருந்தப்போ அவங்களே கேட்டாங்க: "அப்போ முடி வேரும் வேகமா வளர்றதாலதான் அடி வாங்குதாடா?" ஆமாம்மான்னேன். "பரவால்ல, அப்போ மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்"னாங்க. அப்படி நேரா முடிச்சுப் போட முடியாது, முடி வேர்ல பட்டா கட்டியிலயும் பட்டிருக்கும்னு உத்தரவாதம் இல்ல. எனக்கு அது தெரியும். அன்னைக்கு நான் திருத்தல.

இதே மாதிரி பாக்டீரியாவுக்கு இருக்கிற என்சைமை மாட்ட வைக்கிறதுதான் நம்ம வீட்டு மருந்து டப்பாவுல கிடக்கிற சிப்ரோஃப்ளாக்ஸசின். பாக்டீரியாவோடது நம்மளோடதுல இருந்து வித்தியாசமா இருக்கிறதால, நம்ம முடி தப்பிக்குது. புற்றுநோய் செல்லுல இருக்கிறது நம்மளோடதேதான்.

அம்மா இப்போ ஆறு மாசத்துக்கு ஒரு தடவை செக்கப் போறாங்க. முடி சுருட்டையா திரும்ப வந்திருக்கு, அதுல அவங்களுக்குக் கொஞ்சம் பெருமை. அந்த மஞ்சள் பச்சை வளையத்தை நான் பிரிக்கணும்னா ஒண்ணை வெட்டியே ஆகணும். "நல்ல ஒயர்டா, வேஸ்ட் பண்ணாத"ன்னு சொல்லிட்டாங்க. அப்படியே ஆணியில தொங்குது.