தும்மலுக்குக் காரணம் நாயின் முடியா?

கன்னி, சிப்பிப்பாறை ஆகிய புகழ்பெற்ற நாய் இனங்கள், கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் சீமைக்கே உரியவை என்பதை நீங்கள் அறிவீர்கள். இவற்றின் முடி மிகக் குட்டையானது. "இந்த நாயால் யாருக்கும் அலர்ஜி வராது" என்று சிலர் கூறுவதுண்டு. இது சரிதானா?

சரியன்று. ஒவ்வாமையை உண்டாக்குவது முடி அன்று. நாயின் எச்சிலிலும், தோலிலிருந்து உதிரும் நுண்ணிய செதில்களிலும் உள்ள சில புரதங்களே அதற்குக் காரணம். எச்சிலும் தோலும் இல்லாத நாய் உண்டா? பூனையோ தன் உடலை நக்கி நக்கிச் சுத்தம் செய்கிறது. அந்த எச்சில் காய்ந்து, தூளாகிக் காற்றில் மிதக்கிறது. துணிகளில் ஒட்டிக்கொண்டு, பூனையே இல்லாத வகுப்பறைக்கும் வந்து சேருகிறது!

இப்புரதம் நஞ்சன்று. ஆனால் சிலருடைய உடல் அதைப் பகையாகக் கருதிவிடுகிறது. இத்தகைய மாறுபட்ட செயலுக்கு 'அலர்ஜி' என்று 1906-ஆம் ஆண்டில் பெயரிட்டவர் வியன்னா மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே. இதற்குக் காரணமான 'ஐ.ஜி.இ.' என்னும் எதிர்ப்பொருளை 1966-இல் கண்டறிந்தவர்கள் ஜப்பானிய விஞ்ஞானிகளான இஷிசாகா தம்பதியர். இந்த எதிர்ப்பொருள் நம் உடலின் சில செல்கள்மீது அமர்ந்து காத்திருக்கிறது. புரதம் வந்து ஒட்டியதும் அச்செல்கள் ஹிஸ்டமின் என்ற பொருளை வெளிவிடுகின்றன. உடனே தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு, தோல் தடிப்பு, சிலருக்கு இழுப்பு!

குற்றவாளி வளர்ப்புப் பிராணிதானா என்று எப்படி அறிவது? இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். பூனையை இரண்டு நாள் பக்கத்து வீட்டில் விடுகின்றனர், தும்மல் நிற்பதில்லை. "பூனை காரணமில்லை" என்று முடிவு கட்டுகின்றனர். ஆனால் பூனை போன பின்பும் அதன் புரதம் பாயிலும் தலையணையிலும் பல மாதங்கள் தங்கியிருக்கும். இதற்கு மாறாகவும் நடக்கலாம். சீமைக் கருவேலத்தின் மகரந்தமும், தலையணையில் வாழும் தூசிச் சிற்றுண்ணியும் இதே தொல்லையைத் தரும். ஆடிக் காற்றில் பறக்கும் புழுதியும் மூக்கை உறுத்தும். பாவம், பழி நாயின்மீது விழும்!

ஆகவே ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். எந்த நாள், எந்த நேரம், எந்த இடத்தில் தும்மல் வந்தது? பிராணியைத் தொட்டீர்களா? விடுமுறையில் வெளியூர் சென்றபோது குறைந்ததா? இந்தக் குறிப்பை மருத்துவரிடம் காட்டுங்கள். தேவையானால் அவர் தோல் சோதனைக்கு அனுப்புவார். முன்கையில் வெவ்வேறு ஒவ்வாமைப் பொருள்களைத் துளித்துளியாக இட்டு, ஊசி முனையால் இலேசாகக் குத்துவர். 15 முதல் 20 நிமிடங்களில் எந்தத் துளியின்கீழ் தடிப்பு எழுகிறதோ, அப்பொருளின்மீது சந்தேகம் வலுக்கும். சோதனை முடிவும் உங்கள் குறிப்பும் ஒத்துப்போனால்தான் குற்றவாளி உறுதியாகும்.

சிகிச்சை என்ன? பிராணியைப் படுக்கும் அறைக்குள் விடாதீர்கள். தொட்டபின் கைகளைச் சோப்பால் கழுவுங்கள். துடைப்பத்தால் தூசியைக் கிளப்பாமல் ஈரத்துணியால் தரையைத் துடையுங்கள். ஹிஸ்டமினைத் தடுக்கும் மாத்திரை, மூக்கில் அடிக்கும் மருந்து, இழுப்புக்கு இன்ஹேலர் ஆகியவற்றை மருத்துவர் தருவார். இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்று அஞ்சி நிறுத்த வேண்டாம். ஒவ்வாமைப் பொருளையே சிறிது சிறிதாக உடலில் செலுத்திப் பழக்கும் சிகிச்சையும் உண்டு. 1911-இல் லண்டனில் லெனார்ட் நூன் புல் மகரந்தத்தைக் கொண்டு இதைத் தொடங்கிவைத்தார். இதற்கு 3 முதல் 5 ஆண்டுகள் ஆகும்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். மூச்சுத் திணறி, ஒரு வாக்கியத்தைக்கூட முழுதாகப் பேச முடியாமல் போனாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, காத்திருக்கக் கூடாது. உடனே 108-ஐ அழைத்து மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

இத்தனை நாள் வாலாட்டி வந்த நாயைத் தெருவில் விடுவதற்கு முன்னும், "வெறும் சளிதான்" என்று இழுப்பை அலட்சியம் செய்வதற்கு முன்னும், சான்றைத் தேடுங்கள். அறிவியல் நமக்குக் கற்றுத்தரும் பாடம் அதுவே!