மறதி நோய் கண்ட முதியவருக்கு அடக்கும் மாத்திரை வேண்டுமா?



“ஏங்க, அத்தை ராத்திரி பூரா தூங்கலைங்க. ‘எங்க வீட்டுக்குப் போகணும், கதவைத் தெற’ன்னு ஒரே சத்தம். என்னையே யாருன்னு கேக்கறாங்க.”

“பேசாம ஒரு முதியோர் இல்லத்துல விட்டுடலாமா? அங்கே மாத்திரை குடுத்து அமைதியா வெச்சிருப்பாங்களாம்.”

இப்படிப் பேசிக்கொள்ளும் கணவன் மனைவி இன்று பல ஊர்களில் உண்டு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. பகலெல்லாம் காட்டு வேலை, இரவெல்லாம் கண்விழிப்பு என்றால் யாருக்கும் பொறுமை போய்விடும். ஆனால் அந்த ‘அமைதி மாத்திரை’ எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

இது என்ன நோய்?

சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது வயதானவர்களுக்குச் சாதாரணம். சாப்பிட்டதை மறந்து மறுபடி சோறு கேட்பது, பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாமல் போவது, பழகிய தெருவில் வழி தவறுவது ஆகியவை மறதி நோயின் அறிகுறிகள். டாக்டர்கள் இதை டிமென்ஷியா என்பார்கள். மூளையில் உண்டாகும் சேதத்தால் வருவது இது. பேய் பிடித்ததும் அல்ல, வேண்டுமென்றே செய்யும் பிடிவாதமும் அல்ல. நம் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு இந்நோய் இருப்பதாக 2023-ல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

அடக்கும் மாத்திரை எது?

ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், ஓலான்சபின், குவெட்டியாபின் என்று பல பெயர்களில் உண்டு. மனச்சிதைவு போன்ற கடுமையான மனநோய்களுக்கான மருந்துகள் இவை. அந்த நோயாளிகளுக்கு நல்ல பலன் தருபவை. அவர்கள் மருந்தை விட்டுவிடக் கூடாது. ஆனால் மறதி நோயை இவை குணப்படுத்துவதில்லை. முதியவரை மந்தப்படுத்தி உட்கார வைக்கின்றன, அவ்வளவுதான்.

மேல்நாட்டில் கண்ட பாடம்

மேல்நாடுகளின் முதியோர் இல்லங்களில் இம்மாத்திரைகளைத் தாராளமாகக் கொடுத்து வந்தார்கள். அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. அவற்றில் பெரும்பாலானவை சுமார் 10 வாரம் நடந்தவை. வெற்று மாத்திரை சாப்பிட்ட மறதி நோயாளிகளில் 100-க்கு 2.6 பேர் இறந்தார்கள். இம்மருந்து சாப்பிட்டவர்களில் 4.5 பேர். இருதயக் கோளாறும் நிமோனியா போன்ற தொற்றுமே பெரும்பாலான மரணங்களுக்குக் காரணம். 2005-ல் மிகக் கடுமையான எச்சரிக்கை வெளியாயிற்று. 2008-ல் இதே வகையைச் சேர்ந்த பழைய மருந்துகளுக்கும் அதை விரித்தார்கள்.

இங்கிலாந்தில் அரசு கேட்டுக்கொண்டபடி பேராசிரியர் சுபே பானர்ஜி 2009-ல் ஓர் அறிக்கை தந்தார். அங்கே ஆண்டுக்கு 1,80,000 மறதி நோயாளிகளுக்கு இம்மருந்து கொடுக்கப்படுகிறது, பலன் பெறுபவர் சுமார் 36,000 பேர்தான், கூடுதலாக 1,800 பேர் இறக்கிறார்கள் என்று அவர் கணக்கிட்டார். மற்ற கேடுகளும் உண்டு. பக்கவாதம் வரலாம். கை கால் விறைத்து, நடை தள்ளாடி, விழுந்து இடுப்பெலும்பு முறியலாம். விழுங்க முடியாமல் சோறு புரையேறலாம்.

வலிக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை

நார்வே நாட்டில் 18 முதியோர் இல்லங்களில், மறதி நோயும் ஆவேசமும் கண்ட 352 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். அதன் முடிவு 2011-ல் வந்தது. அவர்களில் ஒரு பகுதியினருக்கு முறைப்படி வலிக்கு மருந்து கொடுத்தார்கள். அதில் பெரும்பாலோருக்குக் கிடைத்தது சாதாரண பாராசிட்டமால்தான். அதிலேயே ஆவேசம் குறைந்தது! வலியைச் சொல்லத் தெரியாமல் பலர் கத்தியிருக்கலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது

1. திடீரென்று கூச்சல், அடிதடி என்றால் முதலில் காரணத்தைத் தேடுங்கள். வலி, மலச்சிக்கல், நீர்க்கடுப்பு, காய்ச்சல், பசி, தாகம், படுக்கைப் புண் எதுவாயினும் இருக்கலாம். கண்ணும் காதும் மங்கினாலும் பயம் வரும்.

2. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் கையோடு கொண்டு போங்கள்.

3. “வீட்டுக்குப் போகணும்” என்றால் “இதுதாம்மா உன் வீடு” என்று வாதாடாதீர்கள். “சரிம்மா, கஞ்சி குடிச்சிட்டுப் போகலாம்” என்று சொல்லிப் பேச்சை மாற்றுங்கள்.

4. பகலில் வெளிச்சத்தில் நடக்க விடுங்கள். கீரை ஆய, பூத்தொடுக்க என்று பழகிய வேலை ஏதாவது கொடுங்கள். இரவில் சின்ன விளக்கு எரியட்டும்.

5. பார்த்துக்கொள்ளும் பாரம் மருமகள் ஒருத்தியின் தலையில் மட்டும் விழக்கூடாது. கணவனும் உடன்பிறந்தவர்களும் முறை வைத்துப் பார்க்க வேண்டும்.

மாத்திரை கூடவே கூடாதா?

அப்படியல்ல. முதியவர் தமக்கோ பிறருக்கோ காயம் விளைவிக்கும் நிலை, அல்லது தாங்க முடியாத தவிப்பு இருந்து, வேறு வழிகள் பலிக்காதபோது டாக்டர் இதைக் கொடுக்கலாம். அப்போது கூச்சப்படாமல் கேளுங்கள்: “இது எதுக்குங்க ஐயா? எத்தனை நாளைக்கு? எப்போ நிறுத்தலாம்?” குறைந்த அளவில், குறைந்த காலத்துக்கு என்பதே முறை. 6 வாரத்துக்கு ஒருமுறையாவது மறுபடி பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பது இங்கிலாந்தின் மருத்துவ நெறிமுறை. மருந்துக் கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்து வருவதை நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். டாக்டர் படிப்படியாகக் குறைப்பார். முதியோர் இல்லத்தில் விட்டிருந்தாலும் என்ன மாத்திரை கொடுக்கிறார்கள் என்று கேட்பது உங்கள் உரிமை, கடமையும்கூட.

மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

நாம் பேசத் தெரியாத குழந்தையாக அழுதபோது, பசியா வலியா என்று பார்த்துப் பார்த்துக் கேட்டவர்கள் அவர்கள். இன்று அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. நாம் கேட்போம்.